முழு உரிமை

மார்ச் 3

ரெஜினால்டின் விலைப்புள்ளி வந்துவிட்டது. கோயம்புத்தூரில் விளம்பரப் படம் எடுப்பவர்களில் அவர்தான் சரியான ஆள் என்று பலரும் சொன்னதால் கேட்டிருந்தேன். எங்கள் 'சிட்டுக்குட்டி' குழந்தை உடைகளுக்கு இந்த முறை ஒழுங்கான படங்கள் வேண்டும் என்று முதலாளி சென்னியப்பன் ஐயா சொல்லிவிட்டார். எங்கள் திருப்பூர்க் கம்பெனியில் விளம்பரப் பிரிவு என்பது நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான்.

கட்டணம் பரவாயில்லை. அதற்குக் கீழே எழுதியிருந்ததுதான் எரிச்சல். படங்களை ஒரு வருடம் மட்டும் பயன்படுத்தலாமாம். வலைத்தளம், கேட்லாக், கடை பேனர், அவ்வளவுதானாம். வேறு எதற்காவது போட்டால் மறுபடி அவரிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். இன்னொரு கம்பெனிக்குக் கொடுக்கவே கூடாதாம். படத்தின் உரிமை அவருடையதாம். துணி எங்களுடையது, குழந்தையைக் கூட்டி வருவது நாங்கள், கூலி கொடுப்பதும் நாங்கள். பட்டனை அமுக்குகிறவருக்கு உரிமை.

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. கணவர் லோகநாதனிடம் காலையிலேயே சொன்னேன். சாயங்காலமும் சொன்னேன்.

மார்ச் 5

தமயந்தியிடம் பேசினேன். காலேஜில் என்னோடு படித்தவள், இப்போது கோயம்புத்தூரில் வக்கீல். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். எதுவுமே எழுதிக்கொள்ளாமல் காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், நம் ஊர்ச் சட்டப்படி உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான் போகுமாம். ஆனால் இவர் முன்னாலேயே தன்னுடையது என்று எழுதி அனுப்பிவிட்டார், அதைப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தால் அதுதான் ஒப்பந்தம் என்றாள். எனக்கு வேண்டியதை நானே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

மத்தியானம் முழுவதும் எழுதினேன். எல்லா உரிமையும் கம்பெனிக்கு. எல்லா ஊருக்கும், எல்லாக் காலத்துக்கும். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஓட்டை இல்லாமல் அடைத்துவிட்டேன். இப்படி ஒன்றை எழுதி முடிக்கும்போது வருகிற திருப்தி வீட்டு வேலையில் ஒருநாளும் வந்ததில்லை.

மார்ச் 9

ரெஜினால்ட் நேரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். என் தாளை வாங்கி, எதிரில் உட்கார்ந்துகொண்டே முழுக்கப் படித்தார். இதுவரை யாரும் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை, கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது. துணி மட்டும் இருக்கும் படங்களுக்கு முழு உரிமை தருவதில் ஆட்சேபம் இல்லை என்றார். குழந்தை இருக்கும் படங்களுக்கு மட்டும் வேண்டாம் என்றார்.

"அதுக்கு மட்டுமாச்சும் ஒரு வருஷம்னு வெச்சுக்குங்க மேடம். வேற பொருளுக்குப் போகக் கூடாதுன்னு ஒரு வரி போட்டுருங்க. எனக்காகக் கேக்கலீங்க."

யாருக்காகக் கேட்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. இதே வேலைக்கு இன்னும் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அது உண்மையில்லை, பேரத்தில் சொல்வதுதான். அவர் தாளை மறுபடி தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஐயாவிடம் காட்டினேன். "கெட்டிக்காரி அம்மிணி நீ" என்றார். கட்டிங் பிரிவு வரைக்கும் கேட்டிருக்கும்.

மார்ச் 14

மாடல் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டதாம். ஏஜென்சிக்காரர் இப்போது சொல்கிறார். நாளை மறுநாள் படப்பிடிப்பு. வேறு குழந்தை கேட்டால் சென்னையிலிருந்துதான் வர வேண்டுமாம்.

என் பெண் சஷ்டிகாவுக்கு அளவு சரியாக இருக்கும். அவளுக்கு நாலரை வயது, எங்கள் சாம்பிள்கள் எல்லாம் அந்த அளவில்தான் தைத்திருக்கிறது. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

லோகநாதனிடம் நாளை சொல்ல வேண்டும்.

மார்ச் 16

நல்லபடியாக முடிந்தது. காலையில் சஷ்டிகா வரமாட்டேன் என்று கொஞ்சம் முரண்டு பிடித்தாள். ஐஸ்கிரீம் சொன்னதும் வந்துவிட்டாள்.

ரெஜினால்ட் குழந்தைகளிடம் பழகத் தெரிந்தவர். ஒரு வாழைப்பழத்தைப் போன் மாதிரி காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யானை பேசுவதாகவும் அது கடன் கேட்பதாகவும் சண்டை போட்டார். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். மஞ்சள் கவுன். அந்தப் படம்தான் இந்த வருடத்தின் படம் என்று கேமராவில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

சம்மதப் பத்திரத்தில் பெற்றோர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி சார்பில் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்திலும் நானேதான் போட வேண்டியிருந்தது. நானே கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன். ரெஜினால்ட் இரண்டு கையெழுத்தையும் பார்த்தார்.

ஐஸ்கிரீம் கடை மூடியிருந்தது.

ஏப்ரல் 21

படங்கள் பிய்த்துக்கொண்டு போகின்றன. மதுரை டீலர் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு சஷ்டிகாவை வைத்திருக்கிறார். ஐயா பார்க்கிறவர்களிடமெல்லாம் "நம்ம கோகிலவாணி புள்ளதான் இப்ப நம்ம கம்பெனி முகம்" என்கிறார்.

லோகநாதன் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் பார்த்திருக்கிறார். வந்து கேட்டார். சொன்னேனே என்றேன். சொல்லவில்லை என்றார். சொன்னதாகத்தான் ஞாபகம். அழகாக இருக்கிறாள் என்றும் சொன்னார்.

ஜூன் 12

சஷ்டிகா எல்.கே.ஜி. முடித்து யு.கே.ஜி. யூனிபார்ம் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தி அனுப்பினேன்.

ஐயாவின் பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீடு ஈரோடு. மருந்துக் கம்பெனி வைத்திருக்கிறார்கள், சிரப், டானிக் வகைகள். ஆபீஸ் முழுக்க லட்டு. ஐயா என்னைக் கூப்பிட்டு, சம்பந்தி நம் படங்களை ரொம்ப மெச்சினார், எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடு என்றார். பெரிய அளவிலேயே போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஐயா கேட்டால் நான் திருப்பிக் கேட்கிற வழக்கமில்லை.

ஆகஸ்ட் 19

ரெஜினால்ட் போன் செய்தார். மீட்டிங்கில் இருந்தேன். மறுபடி செய்தார். தீபாவளிப் படத்துக்கு இப்போதே வேலை கேட்கிறார் போலிருக்கிறது. பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 22

எழுதவே கை வரவில்லை.

பல்லடம் ரோட்டில், சஷ்டிகாவின் பள்ளிக்கூட வேன் திரும்பும் இடத்தில், ஒரு பெரிய போர்டு. "உங்கள் குழந்தையின் வயிற்றில் புழுவா?" பக்கத்தில் பூச்சி மருந்து பாட்டில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழும் குழந்தை, என் குழந்தை. வாயைக் கீழ்நோக்கி வளைத்திருக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே கருப்பு, கன்னத்தில் கண்ணீர். மஞ்சள் கவுன் ஒரு அழுக்குப் பச்சையாகியிருக்கிறது. கை மட்டும் அப்படியே. சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்த அதே கை.

ஸ்கூட்டியை ஓரம் கட்டி நின்றேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 23

ஐயா சாதாரணமாகச் சொன்னார். சம்பந்தி கேட்டார், கொடுத்தேன், படம்தான் நம்முடையதாயிற்றே. குழந்தையின் முகத்தை இப்படி மாற்றியிருக்கிறார்களே என்றேன். அது விளம்பரம்தானே, யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்றார். எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் போய் அதை எப்படிச் சொல்வது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே என்னிடம் வழி கேட்பதுபோலக் கேட்டார்.

பிறகு, நீதானே யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று எழுதி வாங்கினாய், கெட்டிக்காரத்தனமான வேலை அது என்று பாராட்டினார்.

ஆகஸ்ட் 25

வேனில் அவளைப் "புழு" என்று கூப்பிடுகிறார்களாம். டிரைவர் அண்ணன்தான் சொன்னார். அவள் என்னிடம் சொல்லவில்லை.

இட்லியைத் தொடவில்லை. "எனக்கு வயித்துல புழு இருக்காம்மா?" என்று கேட்டாள். இல்லை கண்ணு என்றேன். "அப்பறம் ஏன் நான் அழுதேன்?" என்றாள். நீ அழவில்லை, சிரித்தாய் என்றேன். நம்பவில்லை. அந்தப் போர்டைத் தினமும் இரண்டு வேளை பார்க்கிறாள். நான் சொல்வதை இன்றைக்கு ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 27

ஈரோட்டுக்குப் போன் செய்தேன். மருந்துக் கம்பெனி விளம்பரப் பொறுப்பாளர் என்று ஒரு பெண் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். ஒப்பந்தத்தின் நகல் தன்னிடம் இருப்பதாகவும், உரிமை தெளிவாக இருப்பதாகவும், இவ்வளவு சுத்தமான ஒப்பந்தத்தை அதிகம் பார்த்ததில்லை என்றும் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டேன். வைத்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 30

வேனை நிறுத்தியாயிற்று. லோகநாதன் தன் கம்பெனிக்குப் போகிற வழியில் கொண்டுபோய் விடுகிறார், போர்டு இல்லாத சுற்று வழியாக. இன்று பஸ் பின்னால் ஒட்டிவிட்டார்கள். பஸ்ஸுக்கு எந்த வழியில் சுற்றுவது?

செப்டம்பர் 1

லோகநாதன் கேட்டார், எத்தனை வருடத்துக்கு எழுதிக் கொடுத்தாய் என்று. துணி மடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்டார். எல்லாக் காலத்துக்கும் என்றேன்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல கோகி?"

அவரைக் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். அதைச் சொன்னேன். "ஆமா, சொல்லியிருப்பேன்" என்றார். அதற்கு மேல் சண்டை போடக்கூட வழியில்லாமல் இரண்டு பேரும் போர்வையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

செப்டம்பர் 6

தமயந்தியின் ஆபீஸ். ஒப்பந்தத்தை அவள் படித்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையின் பெயரில் வழக்குப் போடலாம், ஆனால் பெற்றோர் கையெழுத்து என்னுடையது, கம்பெனி கையெழுத்தும் என்னுடையது, அதை வைத்து இழுத்தடிப்பார்கள் என்றாள். அதற்குள் அந்தப் போர்டு தானாகவே கிழிந்துவிடும்.

இன்னொரு வழி இருக்கிறதாம். படத்தை எடுத்தவர் எல்லா உரிமையையும் விற்றுவிட்டாலும், தன் படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் கெடுதல் செய்தால் தடுக்கக் கேட்கும் உரிமை அவரிடமே தங்கிவிடுமாம். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்று எழுதி வாங்கியிருக்கிறேனே என்றேன். அதைக் காட்டி அவர்கள் வாதாடுவார்கள், ஆனால் சிரிக்கிற குழந்தையை அழ வைப்பது சாதாரண மாற்றம் இல்லை, நோட்டீஸுக்குத் தாங்கும் என்றாள்.

"ஆனா அத அவருதான் கேக்கணும். நீ கேக்க முடியாது."

எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். வாங்க முடியாமல் ஒன்று மிஞ்சியிருக்கிறது, அது அவரிடம் இருக்கிறது. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ரெஜினால்டிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றே யோசித்தேன்.

செப்டம்பர் 8

போன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 9

எடுக்கவில்லை. காஸ் சிலிண்டர் தீர்ந்தது.

செப்டம்பர் 12

நேரிலேயே போய்விட்டேன். கோயம்புத்தூரில் ராமநாதபுரம் பக்கம் ஒரு சந்தில் ஸ்டுடியோ. அவர் பிரஷர் குக்கர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். குக்கரில் விளக்கின் நிழல் விழாமல் இருக்க வெள்ளைத் தாளைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினார். என்னைப் பார்த்துத் தலையசைத்து ஒரு ஸ்டூலைக் காட்டினார். வேலை முடிகிற வரைக்கும் பேசவில்லை. காக்க வைக்கிறார் என்று கோபம் வந்தது. அப்புறம் நான் வந்திருக்கிற காரியம் ஞாபகத்துக்கு வந்தது.

விளக்கை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த போர்டை நான் பாத்துட்டேன் மேடம். போன மாசம் திருப்பூர் வந்தப்பவே. அன்னைக்கே உங்களுக்குப் போன் பண்ணேன்."

மீட்டிங்கில் இருந்தேன் என்றேன்.

"ரெண்டு தடவ பண்ணேன்."

தமயந்தி சொன்ன சட்டத்தைச் சொன்னேன். அவருக்கு அது பெரிய செய்தியாக இல்லை. அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறாராம், யாரும் அதைப் பயன்படுத்தி அவர் பார்த்ததில்லையாம். நோட்டீஸ் அனுப்பினால் சென்னியப்பன் ஐயா மறுபடி கூப்பிட மாட்டார், ஐயா முதலாளிகள் சங்கத்தில் ஒரு வார்த்தை சொன்னால் திருப்பூரில் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. குக்கரைத் துணியால் துடைத்துக்கொண்டே, நாளைக்கு என்ன சமையல் என்று யோசிக்கிறவர்போலச் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போயிருந்தேன். அங்கே உட்கார்ந்ததும் வேறு ஏதேதோ வந்தது. எனக்கும் மேலே முதலாளி இருக்கிறார், எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் எழுதி வாங்குகிறார்கள், நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள்தானே என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

"போட்டேன். என் பொண்ணுக்கு அப்ப காலேஜ் அட்மிஷன். வேல கைவிட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் போட்டேன்" என்றார். "பாப்பா எப்படி இருக்கா?"

அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்றேன். யாராவது போனை உயர்த்திப் பிடித்தால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்கிறாள் என்றேன். அவர் எழுந்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வாசல் வரை வந்தார்.

செப்டம்பர் 17

பதில் இல்லை. தீபாவளி கேட்லாக் வேலை கழுத்தை நெரிக்கிறது. அட்டைக்கு அதே மஞ்சள் கவுன் படத்தைத்தான் போட வேண்டும் என்று ஐயா சொல்லிவிட்டார். எங்கள் கேட்லாக்கில் அவள் சிரிப்பாள், ரோட்டில் அழுவாள்.

செப்டம்பர் 20

ரெஜினால்ட் கூப்பிட்டார். நோட்டீஸ் அனுப்புகிறாராம். ஆனால் ஒரு நிபந்தனை. படம் எடுத்த நேரத்தில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நான் ஒருத்தன் சொன்னா காசுக்காகச் சொல்றான்ம்பாங்க. அன்னைக்குக் கம்பெனி ஆளா அங்க இருந்தது நீங்கதான். நீங்க எழுதுங்க."

செப்டம்பர் 21

லோகநாதனிடம் சொன்னேன். இந்த முறை முதலிலேயே சொன்னேன். வேலை போய்விடுமே என்றேன். வீட்டுக்கடன் இருக்கிறதே என்றேன். அவர் மோட்டார் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வந்து, "எழுது" என்றார்.

செப்டம்பர் 23

எழுதிக் கொடுத்தேன். எந்த முறையில் கையெழுத்துப் போடுகிறாய் என்று தமயந்தி கேட்டாள். தாய் என்றா, கம்பெனி விளம்பரப் பொறுப்பாளர் என்றா? இரண்டும் என்றேன். தாய் என்று போட்டால் பாசத்தில் சொல்வதாகத் தள்ளிவிடுவார்கள், மற்றதுதான் அவர்களுக்கு வலிக்கும், உனக்கும் வலிக்கும் என்றாள்.

விளம்பரப் பொறுப்பாளர் என்றே போட்டேன். பேனா எழுதவில்லை, அவளுடையதை வாங்கினேன்.

அக்டோபர் 4

ஐயா கூப்பிட்டார். மேஜைமேல் நோட்டீஸின் நகல், அதோடு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள். ஈரோட்டிலிருந்து காலையிலேயே பேசியிருக்கிறார்கள். கத்துவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உம் புள்ள எம் புள்ள மாதிரித்தானே அம்மிணி. அதனாலதான் கேக்காமக் குடுத்தேன். வேற யாரு புள்ளயா இருந்தாலும் ஒரு வார்த்த கேட்டிருப்பேன்."

பொய் சொல்லவில்லை அவர். அதுதான் என்னை அழ வைத்தது. கேட்டிருந்தால் நான் சரி என்று சொல்லியிருக்க மாட்டேனா என்பதும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. "போர்டை எடுக்கச் சொல்லுங்க ஐயா" என்று மட்டும் சொன்னேன். போகச் சொன்னார்.

அக்டோபர் 5

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மீட்டிங்குக்கும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 16

போர்டில் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டார்கள்! காலையில் லோகநாதன் பார்த்துவிட்டுப் போன் செய்தார். கல்யாண நேரத்தில் கோர்ட், பத்திரிகை என்று போக வேண்டாம் என்று மாப்பிள்ளைப் பையனே சொல்லிவிட்டானாம். சட்டம் ஜெயித்ததா, கல்யாணம் ஜெயித்ததா என்று தமயந்திக்கே தெரியவில்லை. எனக்கு அது வேண்டியதும் இல்லை.

சஷ்டிகாவை அந்த வழியாகவே கூட்டிப்போய்க் காட்டினேன். வேனில்லாமல் ஸ்கூட்டியில். கொஞ்ச நேரம் பார்த்தாள். "உள்ள இருக்கேனா?" என்று கேட்டாள். என்ன கேட்கிறாள் என்று முதலில் புரியவில்லை. வெள்ளைத் தாளுக்கு அடியில் தான் இன்னும் இருக்கிறேனா என்று கேட்கிறாள்.

அக்டோபர் 29

மழை. தாள் ஒரு மூலையில் உரிந்து பச்சைக் கவுன் தெரிகிறது. ஈரோட்டுக்கு நானே போன் செய்தேன். அந்தப் பெண் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினார்கள். மருந்துக்கடை பாட்டில்களில் லேபிள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பழைய சரக்கு தீர்கிற வரைக்கும் இருக்குமாம்.

நவம்பர் 18

கோடை உடைகளுக்கு வேறு போட்டோகிராபர். ரெஜினால்டின் பெயரை யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன், ஐயா காதில் விழாததுபோல இருந்தார். புதியவர் சின்ன வயது. நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே முழு உரிமையும் தருவதாக எழுதி அனுப்பிவிட்டார். பேரமே இல்லை.

நான் வேறு தாள் எழுதினேன். குழந்தைகள் இருக்கும் படங்கள் ஒரு வருடத்துக்கு மட்டும், எங்கள் உடைகளுக்கு மட்டும், வெளியே யாருக்கும் கொடுப்பதற்கில்லை. ஐயாவிடம் வைத்தேன். அவராகக் கேட்டாரா இதை என்றார். இல்லை என்றேன். அப்புறம் எதற்கு நாமே நம் கையைக் கட்டிக்கொள்வது என்றார். தாள் மேஜைமேலேயே கிடக்கிறது. தினமும் மேலே எடுத்து வைக்கிறேன். மத்தியானத்துக்குள் அடியில் போய்விடுகிறது.

டிசம்பர் 9

ரெஜினால்டுக்கு இந்த மாதம் திருப்பூரிலிருந்து ஒரு வேலையும் இல்லையாம். நானாகக் கேட்டதால்தான் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக் கம்பெனிக்கு அவர் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். பாப்பா சாப்பிடுகிறாளா என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றேன். போனை வைத்த பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

ஜனவரி 10

பள்ளியில் வகுப்புப் போட்டோ எடுத்தார்களாம். அந்தப் படத்தில் சஷ்டிகா கடைசி வரிசையில் கையை முகத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மிஸ் வருத்தப்பட்டார். வீட்டில் சொல்லிக் கொடுங்கள் என்றார். என்ன சொல்லிக் கொடுப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனவரி 28

ஐயா வீட்டுக் கல்யாணம். போக வேண்டாம் என்று இருந்தேன். பத்திரிகையை ஐயாவும் அவர் மனைவியும் வீட்டுக்கே வந்து கொடுத்ததால் போனோம். பட்டுப்பாவாடையில் சஷ்டிகா நன்றாக இருந்தாள்.

பரிசு கொடுக்க வரிசையில் நின்று மேடைக்குப் பக்கத்தில் போனதும், போட்டோ எடுப்பவர் எல்லோரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார். சஷ்டிகா படியிலேயே நின்றுவிட்டாள். முகத்தை என் புடவைக்குள் புதைத்துக்கொண்டாள். "பாப்பா, இங்க பாரு" என்று போட்டோக்காரர் விரலைச் சொடுக்கினார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள். யாரோ ஒரு அம்மா, தூக்கிட்டுப் போங்க, சிரிச்சுருவா என்றார். என் கை தானாகவே அவள் இடுப்புக்குப் போனது, தூக்குவதற்கு. அவள் உடம்பு விறைத்தது கைக்குத் தெரிந்தது.

கையை எடுத்துவிட்டேன்.

"பாப்பாவுக்கு வேண்டாமாமுங்க" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். லோகநாதன் என்னிடமிருந்து பரிசை வாங்கிக்கொண்டு தனியாக மேலே ஏறினார்.

அப்போது ஐயா மேடையிலிருந்து இறங்கி வந்தார். பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. கோபம் என்றுதான் நினைத்தேன். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. சஷ்டிகாவின் உயரத்துக்குச் சிரமப்பட்டுக் குனிந்தார்.

"நீ சொல்லு கண்ணு. படத்துக்கு நிக்கறயா, வேண்டாமா?"

அவள் புடவையை விலக்கி ஒரு கண்ணால் அவரைப் பார்த்தாள். ஏமாற்றுகிறாரா என்று பார்க்கிற பார்வை. பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"சரி, வேண்டாம்" என்றார். நிமிர்ந்து போட்டோக்காரரிடம் கையை ஆட்டி, அடுத்த ஆட்களை வரச் சொல்லிவிட்டு மேலே போனார். அவருக்கு முழங்கால் வலித்திருக்க வேண்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

நானும் படியிலிருந்து இறங்கினேன். சஷ்டிகா என் விரலைப் பிடித்துக்கொண்டு பந்தி எங்கே என்று கேட்டாள். கீழே போனோம். அவளை ஒருவர் கேட்டு, அவள் சொல்லி, அதன்படி நடந்தது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு ஒன்று ஞாபகத்துக்கு வரவில்லை.